வாயாடிக்கு எந்தப் பள்ளி

மகளுக்கு,

இந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் தேடுகிற கூத்து, மாப்பிள்ளை தேடுவதையே மிஞ்சிவிட்டது. ஆறாம் வகுப்புக்கு இத்தனை அலப்பறையா? நீ சொன்ன பெரிய அரசுப் பள்ளியிலேயே சேர்க்கை டோக்கன் வாங்க வரிசைக்குக் கிளம்பிவிட்டேன். வேலை முடிந்து வந்ததும் சாப்பிடு, அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். உன் வாயாடி மகள் பக்கத்து வீட்டில் இருக்கிறாள்.

நேற்று அந்தப் பெரிய பள்ளியில் தலைமையாசிரியை கேட்ட கணக்குக்குப் பட்டென்று விடை சொன்னாள். சொல்லிவிட்டு, "மிஸ், இதை வேற மாதிரியும் போடலாமே?" என்றாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார் அந்தம்மா. நீயும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாய். பிள்ளை வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை.

தெருமுனைப் பள்ளியிலும் அவள் இப்படித்தான் கேட்டாள். அந்த வாத்தியார், "எங்கே, போட்டுக் காட்டு" என்று சாக்பீஸைக் கையில் கொடுத்தார். அங்கே மின்விசிறி சுற்றாது, ஒத்துக்கொள்கிறேன்.

சொன்னால், "மூணாவது படிச்ச உங்களுக்கு என்னப்பா தெரியும்" என்பாய். பிள்ளை முகம் வாடியது தெரிய எத்தனாவது படிக்க வேண்டும்?

அப்பா

பி.கு.: மனசு மாறினால் உடனே போன் பண்ணு, வரிசையை விட்டு வந்துவிடுகிறேன். இல்லாவிட்டால் டோக்கன் வாங்கிவிடுவேன். வாங்குவேனே தவிர, எனக்கு இது ஒப்பவில்லை. போகிறேன்.