உனக்குத் தொண்ணூறு, எனக்கு ஐம்பத்தைந்து

இன்று காலை சைக்கிளைத் துடைக்கும்போது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் ரப்பர் சீலுக்கு மேல் மெல்லிய எண்ணெய் வளையம் ஒன்று படிந்திருந்தது. விரலில் எடுத்து முகர்ந்தேன். உன் துப்பட்டாவில் எப்போதும் இருந்த வாசனை. துணியை அப்படியே போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் நாம் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பாகங்களை அளந்து பார்த்து அனுப்பும் பிரிவில் பக்கத்துப் பக்கத்து மேசை. வயது நாற்பதை நெருங்கும்போது, மாற்றலாகிப் போன ஒரு இன்ஜினியரிடமிருந்து மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். "இது நம்ம ரெண்டு பேருக்கும்டி. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை" என்றாய். உன் எடை எண்பத்தெட்டு, என்னுடையது ஐம்பத்தொன்று. அந்த வித்தியாசம் எவ்வளவு பெரிய சங்கதி என்று அப்போது நமக்குத் தெரியாது.

குலுக்கலைத் தாங்க அந்த ஃபோர்க்குக்குள் ஸ்பிரிங் கிடையாது, காற்றுதான். உனக்கு ஏற்றபடி அடைத்தால், எனக்குக் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு போவதுபோல் இருக்கும். எனக்கு ஏற்றபடி குறைத்தால், நீ ஏறியதும் முன்பக்கம் அப்படியே குனிந்து தரையைப் பார்க்கும்.

முதல் ஞாயிறு முழுவதும் பம்போடு போனது. காற்றடைத்துப் பம்பின் ஓஸைக் கழற்றினால் 'புஸ்' என்று ஒரு சத்தம். மறுபடி மாட்டிப் பார்த்தால் பம்பில் அளவு காட்டும் முள் கீழே இறங்கியிருக்கும். "லீக்குடி, ஏமாத்திட்டான் அந்த ஆளு" என்று நான் புலம்ப, நீ மறுபடி அடைக்க, மறுபடி புஸ். எட்டாவது தடவை நீ பம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாய்.

"அடியே, புஸ்ஸுன்னு போறது ஓஸுல இருக்கிற காத்து. ஃபோர்க்குல இருக்கிறது அப்பிடியே கீது. திரும்ப மாட்டச்சொல்ல ஓஸை ரொப்ப அதுல கொஞ்சம் போவுது. நாமளே எடுத்துக்கினு, லீக்கு லீக்குன்னு கத்திக்கினு இருக்கோம்."

தெருவிலேயே உட்கார்ந்து சிரித்தாய். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அதன்பிறகு தொழில் புத்தி வந்தது. ஃபோர்க்கின் காலில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கிவிட்டு, ஷூ, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றோடும் ஏறி நின்று, மெதுவாக இறங்குவோம். நம் எடைக்கு ஃபோர்க் அமுங்கி வளையம் நகர்ந்த தூரத்தை நீ ஸ்கேல் வைத்துப் பார்ப்பாய். முப்பது மில்லிமீட்டர் வரும்வரை விடமாட்டாய். கடைசியில் உனக்குத் தொண்ணூறு பாயிண்ட் காற்று, எனக்கு ஐம்பத்தைந்து. இரண்டையும் பிளாஸ்டரில் எழுதிச் சட்டத்தின் அடியில் ஒட்டினாய்.

ஊத்துக்கோட்டைச் சாலையில் கைவிடப்பட்ட அந்தச் சவுடு மண் பள்ளம்தான் நம் மைதானம். ஒருநாள் நீ சரிவில் ஓட்டி இறங்கிவிட்டு மேலே வந்து, "இரு, காத்த எறக்கிட்டுத் தரேன்" என்றாய். "ஒரு தபா தானே" என்று நான் பிடுங்கிக்கொண்டு போனேன். பாதிச் சரிவில் ஒரு கல். உன் தொண்ணூறில் ஃபோர்க் அமுங்கவே இல்லை. முன்சக்கரம் எகிறிப் பக்கவாட்டில் திரும்பியது. என் தோள்பட்டைக் காறை எலும்பு உடைந்தது.

இப்போது எழுதுகிறேன், அப்போது சொல்லவில்லை. வீட்டிலும் கம்பெனியிலும் நான் எல்லோரிடமும் ஒரே கதையைத்தான் சொன்னேன்: "ஃபோர்க்கு சரியில்ல, அவதான் என்னமோ பண்ணி வச்சிருந்தா." என் வீட்டுக்காரர் கம்பெனி வாசலில் வைத்து உன்னைச் சத்தம் போட்டபோது, பக்கத்தில் கழுத்திலிருந்து தொங்கிய கைக்கட்டோடு நான் நின்றிருந்தேன். நீ என் முகத்தை ஒரு முறை பார்த்தாய். பிறகு அவரிடம், "என் தப்புதாண்ணா" என்றாய்.

ஐந்து மாதம் அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு ஞாயிறு காலை உன் வீட்டுக்கு வந்தேன்.

"ஃபோர்க்கு மேல தப்பு இல்லடி. நீ சொன்னத நான்தான் கேக்கல. அவர்கிட்டயும் நேத்து சொல்லிட்டேன்."

"தெரியும். நாஷ்டா துன்னியா?"

அவ்வளவுதான். நான்கு இட்லி வைத்தாய். பிறகு சைக்கிளை வெளியே எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தாய். ஐம்பத்தைந்து. முப்பது மில்லிமீட்டர். அமுங்கிய ஃபோர்க் எழும் வேகத்தை மாற்ற அதன் அடியில் இருக்கும் சிவப்புத் திருகை ஒவ்வொரு க்ளிக்காகத் திருப்பி, என்னை ஹேண்டில்பாரை அமுக்கி விடச் சொன்னாய். "விட்டா வானத்துக்கு எகிறவும் கூடாது, தூங்கிக்கினு வரவும் கூடாது. உன் கைக்கே தெரியும், பாரு."

அதே சரிவின் உச்சியில் கால் மணி நேரம் நின்றிருந்தேன். நீ அடியில் உட்கார்ந்து, மேலே பார்க்காமல், வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாய். கல்லின் மேல் ஏறும்போது ஃபோர்க் ஒரு மூச்சு வாங்கி விட்டது, அவ்வளவுதான் தெரிந்தது. கீழே வந்து பார்த்தால், உரித்த கடலை ஒன்றையும் நீ தின்னவில்லை. எல்லாம் உன் உள்ளங்கையில் வியர்வையில் நனைந்து கிடந்தன.

போன வருடம் வயிற்றில் கட்டி என்றார்கள். நீ வேலையை விட்டாய், எடை இறங்கிக்கொண்டே போனது. தினமும் மாலையில் கஞ்சியோடு வருவேன். நீ கம்பெனிக் கதை கேட்பாய், சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாய். உனக்கு வருத்தமாக இருக்கும் என்று நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மார்கழியில் போய்விட்டாய்.

பதினாறாம் நாள் கழிந்து உன் வீட்டுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிளாஸ்டரில் மூன்றாவதாக ஒரு வரி இருந்தது. உன் கையெழுத்து: எழுபது. பம்பை மாட்டினேன். முள்ளும் ஏறக்குறைய அங்கேதான் நின்றது.

"யாராச்சும் ஓட்டுனாங்களாண்ணா?"

"வேற யாரு? நான் ஷிப்டுக்குப் போனப்புறம் எடுத்துக்கினு போயிருக்கா. டயரு ஈரமா இருந்துச்சேன்னு கேட்டா, தொடச்சேன்னு சொன்னா."

உடம்பு இளைத்த பிறகு மறுபடி ஏறி நின்று, வளையத்தை அளந்து, புது எடைக்குச் சரியாகக் காற்று வைத்திருக்கிறாய். அந்த உடம்போடு. என்னிடம்கூடச் சொல்லாமல். இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரி தள்ளி உட்கார்ந்தாள்.

டயர் பள்ளங்களைக் குச்சியால் குடைந்தபோது சிப்பித் துணுக்குகள் வந்தன. உப்புக் காற்று சீலைத் தின்றுவிடும் என்று ஏரிக்கரைப் பக்கம் என்னை ஒருநாளும் விடாதவள், பழவேற்காட்டு ஏரி ஓரம் எங்கேயோ சுற்றியிருக்கிறாய். எந்தத் தடம் என்று தெரியவில்லை. ஐம்பத்தைந்து வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் ஒன்றொன்றாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று போனது முள்வேலியில் முடிந்தது. அடுத்த வாரம் அதற்கு வடக்கே போகிறேன்.