அண்ணன் கைக்கு ஒரு ரீல்

1951 பிப்ரவரி 4, ஞாயிறு

வாடைக்காற்று. கடல் கலங்கல். காலையில் வண்ணாரப்பேட்டை, பழைய சாமான் கடை பாயிடம். ஊருக்குக் கப்பலேறிய துரை ஒருவர் விட்டுப்போன, தூண்டில் நூல் சுற்றும் ரீல்கள், மூன்று. என்னிடம் பதினைந்து ரூபாய்தான்.

1. பித்தளை. பெரியது, நல்ல பளபளப்பு. மீன் இழுத்தால் இடது கட்டைவிரலால் தோல் பட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அண்ணனுக்கு அந்த விரல் இல்லை.

2. மரச் சக்கரம். உப்புத் தண்ணீரில் ஊறி விரிசல். மீன் ஓடினால் கைப்பிடியும் சேர்ந்து சுற்றும். விரல் முட்டி பெயர்ந்துவிடும்.

3. கறுப்பு. துரு. கைப்பிடி வளைந்திருக்கிறது. ஆனால் அதன் அடியில் நட்சத்திரம் போல ஒரு திருகு. முறுக்கினால் உள்ளே பிரேக் இறுகுகிறது. விரல் தேவையில்லை. அச்சு நேர்.

பித்தளையை விட மனசில்லை. யாருக்கு என்று பாய் கேட்டார். சொன்னேன். போன ஐப்பசியில் அண்ணன் தனியாகக் கட்டுமரத்தில் பாய்மரம் ஏற்றி, தூண்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். கயிற்றை இடது கையில் சுற்றியிருந்தார். பெரிய மீன் இழுத்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயின. அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை.

பாய் கறுப்பு ரீலை எடுத்து என் கையில் வைத்தார். "அழகுக்கா வாங்குறே? இத்த எட்துகினு போ, தம்பி."

பிப். 6, செவ்வாய்

ஒர்க்‌ஷாப்பில் சாப்பாட்டு நேரத்தில் ரீலைப் பிரித்தேன். பிரேக் தோல் வளையங்கள் மட்கிப்போயிருந்தன. பழைய பெல்ட்டில் நான்கு வளையம் வெட்டி விளக்கெண்ணெயில் ஊறப்போட்டேன். கைப்பிடியை நிமிர்த்தியாயிற்று.

பிப். 8, வியாழன்

காசிமேடு, அண்ணன் வீடு. அவர் ரீலைத் தொடக்கூட இல்லை. "இன்னாத்துக்கு இது? நா இனிமே கடலுக்கா போப்போறேன்?" அண்ணி மட்டும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

நான் கிளம்பும்போது அண்ணன் கேட்டார், நூல் எவ்வளவு கொள்ளும் என்று. நூறு பாகம், அறுநூறு அடி என்றேன்.

பிப். 11, ஞாயிறு

கடல் தெளிவு. விடிகிற நேரம் இருவரும் கட்டுமரத்தில் கிளம்பினோம். ரீலைக் குறுக்குப் பலகையில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தேன். கரை மறைந்ததும் அண்ணன் தூண்டிலைப் பின்னால் விட்டார்.

எட்டு மணி இருக்கும். ரீல் அலறியது. அண்ணனின் இடது கை தானாக ஓடும் நூலுக்குப் போனது. ஓங்கித் தட்டிவிட்டேன். அண்ணனை நான் அடித்தது இதுதான் முதல் தடவை. வலது கையால் நட்சத்திரத் திருகை இறுக்கினார். எண்ணெய் சூடேறும் வாசனை. மீன் நின்றது. மெல்ல மெல்லச் சுற்றினார். வஞ்சிரம், என் இடுப்பு உயரம்.

திரும்பும்போது சொன்னார்: "வெரலு போன அன்னிக்கு உனுக்கு ஜொரம் வந்ததே நல்லதுடா. கூட வந்திருந்தா கயிறு உன் கைல இருந்திருக்கும். அப்பால லேத்துல எப்டி நின்னுருப்பே?"

அன்று எனக்கு ஜுரமே இல்லை. முதல் நாள் இரண்டாம் ஆட்டம் சினிமா. எழுந்திருக்க மனமில்லாமல், ஜுரம் என்று ஆள் அனுப்பினேன். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்போதும் சொல்லவில்லை.

பிப். 12, திங்கள்

வேலை ஓடவில்லை. இரண்டு துளை தப்பு. சாயங்காலம் நேராகக் காசிமேடு. அண்ணன் வாசலில் நூலைக் காயப்போட்டுச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிக்கெடுப்பதை அவர் நிறுத்தவில்லை. ஒரு சிக்கை அவிழ்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா படம்?"

சொன்னேன்.

"நல்லா இருந்துச்சா?"

இல்லை என்றேன்.

"குந்துடா" என்றார். உட்கார்ந்தேன்.