டீச்சருக்கு வாங்கின தயிர்ச் சட்டி

கேசவிட அப்பா,

நீங்க எழும்ப முதல் நான் வேலைக்குப் பஸ் ஏறிருவன். புட்டும் மீன் குழம்பும் மூடி வச்சிருக்கன். கேசவிக்கு முள்ளுப் பார்த்துக் குடுங்க, தலையும் சீப்பால இழுத்து விடுங்க.

ஏழு மணிக்குச் சீனித்தம்பி அண்ணன் தயிர்ச் சட்டி கொண்டு வருவார். அது உங்களுக்கில்ல, கேசவிட வகுப்பு யசோதினி டீச்சருக்கு. இண்டைக்குப் பள்ளிக்கூடம் வருசக் கடைசி நாள். பிள்ளையோட போய் நீங்களே கையில குடுக்கணும்.

ராத்திரிக் கத்தின மாதிரித் திரும்பவும் தொடங்க வேணாம். "வெள்ளத்துக்கு ஒரு மாசம் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடம். படிப்பிக்காத டீச்சருக்கு என்னத்துக்குச் சாமான்?" எண்டு ஊருக்கே கேக்கக் கத்தினீங்க. எனக்கு வந்த எரிச்சலுக்கு விளக்கை நூத்திட்டுப் படுத்திட்டன். இப்ப எழுதிறன், வாசிங்க.

வீடு தண்ணிக்குள்ள கிடக்க, அந்த ஒரு மாசமும் டீச்சர்ட வகுப்புக்குள்ள பாய் விரிச்சிப் படுத்தது ஆரு? நாமதானே! கரும்பலகைக்கு மேல ஆணி அடிச்சி வலை காயப்போட்டது ஆரு? நீங்கதானே! பிறகு எந்த வாயால அப்பிடிக் கேட்டீங்க?

போகக்குள்ள கதவைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்ட குடுங்க.

இன்னொண்டு. அலுமாரிக்கு மேல கடதாசியில சுத்தி இருக்கிறது உங்கட ரேசர். டீச்சர்ட மேசை லாச்சிக்குள்ள கிடந்ததாம். கழுவித் துடைச்சி நேத்து என்ட கையில தந்தவ. அதாலயே சவரம் செஞ்சிட்டுப் போங்க.