எனக்காக அடித்த மணி

ஏப்ரல் 23

நான் முடி வெட்டும் சலூனில் இன்று மூன்று தலைகள். மூன்றிடமும் கடற்கரைப் பல்கலைக்கழகத்தைக் கரித்துக் கொட்டினேன். "அங்க படிக்கறதுகளுக்குத் தலை சீவக்கூடத் தெரியாது." போன வாரம் என் மகள் சூசானாவுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்களே, அந்த எரிச்சல். சின்ன வயதிலிருந்து அங்கேதான் படிப்பேன் என்றவள். இரண்டு நாள் அவளுக்குப் பிடித்த லிங்குயிசா தொத்திறைச்சியைக்கூடத் தொடாமல் படுத்துக் கிடந்தாள்.

நாங்கள் இருவரும் ஒரே கம்யூனிட்டி காலேஜில், ஒரே வருடம். இரண்டு ஆண்டு இங்கே. மீதி இரண்டு ஆண்டு, சேர்த்துக்கொள்கிற பல்கலைக்கழகத்தில். இருவரும் ஒரே இடங்களுக்குத்தான் விண்ணப்பம் போட்டிருந்தோம். அவளுக்கு இருபது, எனக்கு நாற்பத்தெட்டு. புள்ளியியல் வகுப்பில் மூன்று வரிசை தள்ளி உட்காருவாள். அம்மா என்று யாருக்கும் தெரியக்கூடாதாம். எங்கள் ஒரே மாதிரி மூக்கு காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

ஏப்ரல் 26

எனக்கு இடம் கிடைத்துவிட்டது. கடற்கரையில்.

ஏப்ரல் 27

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. சலூனில், திருமதி ஃபகுண்டெஸ் தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்தபோது போனில் பார்த்தேன். வீல் என்று கத்திவிட்டேன். "என்ன இல்டா?" என்றாள். எலி என்றேன். அதற்கப்புறம் சாயத்தை மறந்தே போனேன். அவள் தலை பரங்கிக்காய் நிறம்.

ராத்திரி சாப்பாட்டில் சூசானா கேட்டாள்: "உனக்கு அங்கேயிருந்து ஒண்ணும் வரலியாம்மா?"

"இல்லடி. நமக்கெல்லாம் எங்க."

அதோடு நிறுத்தினேனா? "வந்தாலும் யாரு போறா!" என்று ஒரு மூக்கு உறிஞ்சல் வேறு. என் புருஷன் நெல்சன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நாள் முழுக்கப் பால் கறந்துவிட்டு வரும் மனுஷனுக்குச் சோறுதான் செய்தி.

மே 6

நெடுஞ்சாலையோரப் பல்கலைக்கழகம் எங்கள் இருவரையும் எடுத்துக்கொண்டது. வீட்டிலிருந்தே போய்வரலாம். "ரெண்டு பேரும் ஒரே காரில் போவோம்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். சூசானா முகத்தைப் பார்க்கவேண்டுமே! "ஒரே கார்லயா?" என்றாள், ஜெயில் என்று சொன்னதுபோல.

மகளுக்காகக் கடற்கரையை விட்டுக்கொடுக்கும் தியாகி என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். களை கொஞ்சம் இருக்கத்தான் செய்தது.

மே 9

தியாகி எதற்கு மிஸஸ் டகேடாவைப் பார்க்கப் போனாள்? மாற்றலாகிப் போகிறவர்களுக்கு வழிகாட்டுவது அவர் வேலை. நான் இங்கே படித்த பாடங்கள் கடற்கரையில் செல்லுமா என்று சும்மா கேட்கப் போனேன். சும்மாவாம்!

"எல்லாமே செல்லும் இல்டா. அப்போ கடற்கரையா! வாங்க, மணியை அடிங்க!"

அவர் அறையில் ஒரு பித்தளை மணி. இடம் கிடைத்தவர்கள் கயிற்றை இழுக்க வேண்டும், ஆபீஸே எழுந்து நின்று கைதட்டும்.

"மணி வேண்டாம். வெக்கமா இருக்கு" என்றேன். 'மகளுக்குத் தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஊர் வம்பெல்லாம் பேசுகிற வாய்!

மே 17

வழியனுப்பு விருந்து. மணியைப் புல்வெளிக்கே தூக்கி வந்துவிட்டார்கள். சூசானா நெடுஞ்சாலைக்காக இரண்டு தடவை இழுத்தாள். சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாள்.

அப்புறம் மிஸஸ் டகேடா மைக்கைப் பிடித்தார். "இங்க ஒருத்தர் வெக்கப்பட்டுக்கிட்டு ஒளிஞ்சிருக்காங்க. நம்ம இல்டா போர்பா! கடற்கரைப் பல்கலைக்கழகம்!" தானே கயிற்றை இழுத்தார்.

எல்லாரும் கைதட்டினார்கள். சூசானாவும். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவள் தட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். பாதாம் தோப்பு வந்ததும் கேட்டாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மூணு வாரமா."

"அப்பாவுக்கு?"

"தெரியாது."

"சலூனுக்கு?"

"தெரியாதுடி."

"அடேயப்பா. சலூனுக்கே தெரியாதுன்னா நெஜமாவே ரகசியம்தான்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "உனக்காகத்தான்டி விட்டேன்" என்றேன். வண்டியை ஓரம் கட்டினாள்.

"என் பேரைச் சொல்லாதே. யாரு கேட்டா? உனக்குப் பயம். சின்னப் பசங்க நடுவுல தனியா போய் உக்காரப் பயம். அதுக்கு என்னை எடுத்துப் போத்திக்கிட்டே."

மே 18

அவள் சொன்னது சரி.

மே 20

முழுக்கச் சரி இல்லை. அவளுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அன்று சலூனில் கத்தினேனே, அந்தக் கத்தலில் 'ஐயோ பாவம் சூசானா' இல்லை. 'நான் ஜெயிச்சுட்டேன்' தான் இருந்தது. யாரை? நான் பெத்த பொண்ணை! சீ. இதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன்.

பயம் அப்புறம்தான் வந்தது. நெடுஞ்சாலையில் மூன்று வரிசை தள்ளியாவது அவள் முதுகு இருக்கும். அங்கே யார் இருக்கிறார்கள் எனக்கு?

மே 31

பதில் சொல்ல நாளைதான் கடைசி நாள். நெல்சனிடம் சொன்னேன். மாட்டுக்கொட்டகை பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"அங்கேயே ரூம் எடுத்துத் தங்கணுமா?"

"வாரத்துல நாலு நாள்."

"அந்த நாலு நாள் நான் யாருகிட்டடி திட்டு வாங்கறது?"

பூட்ஸை மூலையில் வைத்தான். "மாடுங்க இருக்கு. போயிட்டு வா" என்றான்.

சூசானாவின் கதவுக்கு வெளியே நின்று, "கடற்கரைக்குப் போறேன். உனக்காக இல்ல, எனக்காக" என்றேன்.  போனில் 'சம்மதம்' என்ற இடத்தை அழுத்தினேன். 

ஆகஸ்ட் 21

சூசானா நெடுஞ்சாலைக்குக் கிளம்பினாள், தனிக் காரில். "வரேன்" என்றாள், அப்பாவைப் பார்த்து.

செப்டம்பர் 19

நான் கேட்கவில்லை. வகுப்பை விட்டுவிட்டு அவளாகவே என்னைக் கடற்கரைக்கு ஓட்டி வந்தாள். வழியெல்லாம் பாட்டு போட்டுக்கொண்டே வந்தாள்.

புது மாணவர்களுக்கான நாள். வாசலில் இரண்டு வரிசை: மாணவர், பெற்றோர். என் கால் தானாகப் பெற்றோர் வரிசைக்குப் போய் நின்றது. மேசையிலிருந்த பெண் 'பெற்றோர்' அட்டையை என் கழுத்தில் மாட்டிவிட்டு, சூசானாவிடம், "உன் அட்டை அந்தப் பக்கம் இருக்கும்மா" என்றாள்.

 தலையைக் குனிந்துகொண்டேன்.

"படிக்க வந்தது இவங்க. பேரு இல்டா போர்பா" என்றாள் சூசானா. "நான் கூட வந்தவ."

என் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கோபம் போய்விட்டதா என்று முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

"பெத்தவங்களுக்குச் சாப்பாடு எங்க போடறீங்க?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு நடந்தாள்.

நான் வரிசை மாறி நின்றேன்.