முதல் மெட்டு திரும்பும் இடம்

போர்வெல் போடும் லாரியோடு வடக்கே போயிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் நலம். மல்லசமுத்திரத்தில் நல்ல மழை. போனில் பேசினால் மறுபடி சண்டையாகும், அதனால் எழுதுகிறேன்.

"இந்த வயசுல பியானோ எதுக்கு?" என்று கத்தினீர்களே, இப்போது அதில் ஒரு உருப்படியை முழுசாகவே பழகிவிட்டேன். இருநூறு வருடத்துக்கு முந்தைய இசை. ரோண்டோ என்கிறார் பியானோ டீச்சர். எங்கெங்கோ சுற்றும், நடுவில் கோபித்துக்கொள்ளும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் முதல் மெட்டுக்கே வந்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பாவாயி அக்காவுக்கு அது புரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏஞ்சாமி, மறுக்காவும் தப்பிப் போச்சா? மொதல்ல இருந்தா?" என்று பரிதாபப்பட்டார்.

"தப்பலைங்கக்கா, அது ஊட்டுக்குத் திரும்பி வருது" என்றேன். சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தேன்.

கிளம்பும்போது எப்போதும் அங்கே நின்று "போயிட்டு வாரேன்" என்பீர்கள். இந்த முறை கோபத்தில் சொல்லாமலே லாரி ஏறிவிட்டீர்கள். அதை இப்போது போனில் சொல்ல வேண்டாம். வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து நான் வாசிப்பதைக் கேளுங்கள். பிறகு வாசலில் நின்று அதைச் சொல்லிவிட்டு, எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போங்கள்.

இப்படிக்கு,
வாசிப்பதை நிறுத்தப்போவதில்லை என்று சொன்ன
உங்கள் மனைவி