கீறல் விழாத பம்பர்

செவ்வாய், இரவு.

பஜாரில் அரிசி லாரிக்கு வழிவிட்டு நின்ற எங்கள் காரைப் பின்னாலிருந்து ஓர் ஆட்டோ மெதுவாக இடித்தது. மருமகன் இறங்கிப் பம்பரைத் தடவினார். லாரியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சுமைக்காரர்களும் குனிந்து பார்த்தார்கள். "ஒரு கீறல்கூட இல்லை மாமா" என்று ஆட்டோ ஓட்டிவந்த மலையாளிச் சேட்டனை அனுப்பிவிட்டார். பின் சீட்டில் நிறைமாதமாக இருக்கும் என் மகளை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

"பம்பர் காரைத்தான் காப்பாத்தும். வயித்துப் பிள்ளைக்கு யாரு பம்பர் கட்டினது? ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்றேன்.

"அத்தா, பின்னாடி வண்டியெல்லாம் ஹாரன் அடிக்குது" என்றாள் மகள்.

"அடிக்கட்டும்."

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொல்லி, அதன் நெஞ்சுத்துடிப்பையும் கேட்க வைத்தார்.

"இப்பச் சமாதானமா மாமா?" என்றார் மருமகன்.

இல்லை என்றேன். அந்தத் துடிப்பை இன்னொரு தடவை வைக்கச் சொல்லிக் கேட்டேன்.