திராமனில் எடுத்த பியர் மெசின்

மச்சான்,

மூன்று முறை சவுக்காரம் போட்டுக் கழுவியும் கையில் அந்த மணம் போகவில்லை. புளித்த கள்ளும் பழைய றப்பரும் கலந்த மணம். நேற்று உன் எட்டுச் செலவு, நீ செத்து எட்டாம் நாள் படையல். அதற்காக, பீப்பாவில் இருக்கிற பியரைக் குளிராக்கி வார்க்கும் உன் பியர் மெசினை மூன்று நாள் இருந்து கழுவினேன். "உன் மெசின்" என்று இப்போதும் எழுதுகிறேன், பார்.

போன கிழமை உன் மனைவி தொலைபேசி எடுத்தார். "அண்ணை, எட்டுக்கு அவருக்குப் பிடிச்சதெல்லாம் படைக்கோணும். இந்த மெசினிலை வாத்த பியரும் ஒரு கிளாஸ் வைக்கோணும். ஒருக்காக் கழுவித் தருவியளே?"

நீ நோயில் விழுந்த இரண்டு வருடமும் அதை ஒருவரும் தொடவில்லை. ஹொல்ம்லியாவில் இருக்கிற என் வீட்டுக்குக் கொண்டுவந்து குசினியில் வைத்துத் திறந்தேன். குழாய்க்குள் கறுப்பாகப் பூஞ்சணம். றப்பர் வளையம் தொட்டதும் உதிர்ந்தது. குழாயையும் வளையத்தையும் எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். பியர் வருகிற திருகு வாயைக் கழற்றிச் சுடுதண்ணீரில் ஊறவைத்தேன். பின்பக்கக் காற்றாடியில் தூசி கம்பளி மாதிரிப் படிந்திருந்தது. பழைய பல்லுத் தீட்டும் பிறஷால் தட்டி எடுத்தேன். கழுவும் மருந்தை ஓடவிட்டு, பிறகு வெறும் தண்ணீர், வாளி வாளியாக. எல்லாம் உன்னிடம் பார்த்ததுதான். "மணம் இருக்குமட்டும் ஊத்தை இருக்கு," என்பாய்.

முதன்முதல் அதைக் கழுவியது என் வீட்டு நிலக்கீழ் அறையில். ஆசைப்பட்டது நான். பிறந்தநாள், சாமத்தியவீடு எதுவானாலும் மண்டபத்துக்கு வெளியே பனிக்குள் நின்று, கார் டிக்கிக்குள் தலையை விட்டு, பெரியவர்கள் காணாமல் விழுங்கிவிட்டு வருகிற பிழைப்பு எனக்கு வெறுத்துப்போயிருந்தது. "அம்பது வயசாகப்போகுது, இன்னும் களவாக் குடிக்கிறம். கதிரை போட்டிருந்து மனிசர் மாதிரிக் குடிப்பம்," என்று வீரம் பேசியவன் நான்தான். திராமன் பட்டணத்தில் ஒரு நொர்வேஜியக் கிழவர் விற்கிறார் என்று தேடிப்பிடித்தவனும் நான்தான். கடைகளில் குளிர்ப்பெட்டி திருத்துகிற வேலை உனக்கு. அதனால் உன்னை இழுத்துக்கொண்டு போனேன். நீ மூடியைத் திறந்து மணந்து பார்த்தாய். "உதுக்குள்ளை என்ன செத்துக்கிடக்குதோ தெரியாது. ஆனா எஞ்சின் நல்ல சாமான்," என்றாய். நாலு சனிக்கிழமை என்னோடு இருந்து கழுவினாய். முதல் கிளாஸ் முழுக்க நுரை, இரண்டாவதும் நுரை. மூன்றாவது சரியாக வந்தது, அதை எனக்குத் தந்தாய்.

அந்த வருடம்தான் கோயில் நிர்வாகத்துக்குத் தலைவராக நிற்கச் சொல்லி என்னைக் கேட்டு வந்தார்கள். வந்தவர்களுக்குக் கதிரை போதவில்லை. நீயும் நானும் கீழே எடுக்கப் போக, உதவிக்கென்று ஒரு பெரியவரும் பின்னால் வந்துவிட்டார். மெசினைக் கண்டார். "இதென்ன தம்பி?"

நான் யோசிக்கவே இல்லை. "அது இவன்ரை, அண்ணை. வைக்க இடமில்லையெண்டு கொண்டந்து வைச்சவன்."

நீ என்னைப் பார்க்கவில்லை. உன் இரண்டு கையிலும் கதிரை. "ஓம் அண்ணை, என்ரைதான். இண்டைக்கே எடுத்துக்கொண்டு போறன்," என்றாய். சொன்னபடி கொண்டுபோனாய். நான் தலைவரானேன். உனக்குப் 'பியர் மெசின்' என்று பட்டம் விழுந்தது. அடுத்த சனிக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். அதைப்பற்றி ஒரு சொல் கதைக்காமல் வார்த்துத் தந்தாய். நானும் வெட்கமில்லாமல் குடித்தேன். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படியே.

பட்டத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உனக்கு வந்தது இரத்தப் புற்றுநோய். சனிக்கு ஒரு கிளாஸ் குடித்தவனைப் பற்றி, "குடிச்சுத்தான் வந்தது," என்றார்கள். செத்தவீட்டில் என் காதுபடவே சொன்னார்கள். நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேற்றுப் படையலில் சோறு, மீன் குழம்பு, இறால் பொரியல், உன் மகள் சுட்ட வாஃபெல் அப்பம். பக்கத்தில் நான் வார்த்த பியர். அன்றைக்குக் கீழே வந்த அதே பெரியவர், "செத்தும் மெசினை விடேல்லை," என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கற்பூரத் தட்டோடு நின்ற உன் மகளுக்குக் கேட்டுவிட்டது. பிள்ளை தலை குனிந்தாள்.

நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன், மச்சான். "அண்ணை, அது என்ரை மெசின்," என்றேன். "அண்டைக்குப் பதவிக்காக உங்களுக்குப் பொய் சொன்னனான். அவன் என்னைக் காட்டிக்குடுக்கேல்லை." பிறகு உன் மகளிடம், "பிள்ளை, உங்கடை அப்பா குடிகாரன் இல்லை. நான்தான் கோழை," என்றேன்.

பெரியவர் சால்வையைச் சரிசெய்தார். உன் மகள், "ஏன் மாமா இவ்வளவு காலம்?" என்று கேட்டாள்.

எல்லாரும் போனபின் குசினியில் உன் மனைவி சொன்னார்: "அவர் எனக்கு அண்டைக்கே சொன்னவர், அண்ணை."

"பிறகேன் நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"நான் சொல்லத்தான் வெளிக்கிட்டனான். அவர் விடேல்லை. 'பொறு, அவன் தானாச் சொல்லுவான்' எண்டவர். ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கையும் அதைத்தான் சொன்னவர்."

ஒன்பது வருடம். நோயில் விழுமட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளாஸை நீட்டும்போது, இன்றைக்குச் சொல்லுவான் என்று என் முகத்தைப் பார்த்திருப்பாய். நீ என்மேல் வைத்த அந்த நம்பிக்கையைத்தான் இனி நான் சுமக்கவேண்டும். அது நீ திட்டியிருந்தால் வந்திருக்கும் பாரத்தைவிடப் பெரிது.

சொல்லிவிட்டேன், மச்சான். எட்டு நாள் பிந்திவிட்டது.